ஏசி கட்டில்மேல் ஒழுகுகிறது: கேஸ் கம்மியா, பைப் அடைப்பா?

பல்லடம் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் கோடை மழை பெய்த ராத்திரியிலிருந்து அறைக்குள் மாட்டியிருக்கும் இண்டோர் பெட்டியின் இடது மூலையில் தண்ணீர் சொட்டிக் கட்டிலை நனைக்கிறது. குளிர்ச்சியில் குறையில்லை. வந்து பார்த்த மெக்கானிக், ‘கேஸ் கம்மியாயிருச்சு, ஏத்தறதுக்கு 3,500 ரூபாய் ஆகும்’ என்றாராம். வாட்டர் சர்வீஸ் செய்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். கேஸா, தண்ணீர் வெளியே போகிற ட்ரெயின் பைப்பில் அடைப்பா? அடைப்பு என்றால் நாமே எடுக்கலாமா? ஆசிட் ஊற்றலாமா? போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பக்கெட் வைத்து ஏசித் தண்ணீரைப் பிடிக்கிறோம், அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா? கேள்வி நாலாக இருந்தாலும், அந்த 3,500-ஐக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்குக் கொடுக்காதீங்க. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம் முடித்துவிட்டு, இருபத்திரண்டு வருடமாக கோவை, சோமனூர், திருப்பூர் வட்டாரத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். உங்கள் எந்திரத்தை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது நீங்கள் எழுதியதை வைத்து நான் செய்கிற ஊகம் என்பதைப் பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மெக்கானிக்குக்கும் ஒரு நியாயம் செய்துவிடலாம். கேஸ் குறைந்தால் தண்ணீர் ஒழுகும் என்பது பொய்யில்லை. கேஸ் குறைந்தால் உள்ளே காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருளான காயிலின் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, படிகிற ஈரம் பனிக்கட்டியாக உறைந்துவிடும். எந்திரம் நின்றதும் அந்தக் கட்டி உருகி, காயிலுக்கு அடியில் தண்ணீரைப் பிடிக்கிற ட்ரே தாங்காமல் கொட்டும். ஆனால் கேஸ் அந்த அளவுக்குக் குறைந்திருந்தால் அறை குளிராது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் காயிலில் வெள்ளையாகப் பனி தெரியும். வெளியே அவுட்டோரில் இரண்டு செம்புக் குழாய் வந்து சேரும் இடத்தில், மெல்லிய குழாயின் மேலும் பெரும்பாலும் பனி படிந்திருக்கும். உங்களுக்குக் குளிர்ச்சி நன்றாகவே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கேஸ் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று, கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு கிடையாது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுகிறவருக்குக் கொடுக்கிற காசு, ஓட்டைக் குடத்தில் சேந்துகிற தண்ணீர்தான். பனி உறைவதற்கு ஃபில்டர் அழுக்கும் காரணமாகலாம். காற்றே போகாவிட்டால் கேஸ் முழுசாக இருந்தாலும் காயில் உறையும். ஆகவே யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கோடை மழைதான். ஏசியிலிருந்து வருகிற தண்ணீர் எந்திரத்தின் உள்ளே இருந்த தண்ணீர் அல்ல. உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம்தான், குளிர்ந்த காயிலில் பட்டு வியர்த்து இறங்குகிறது. பங்குனி வெயிலில் நம் ஊர்க் காற்று காய்ந்து கிடக்கும், எந்திரம் நாள் முழுக்க ஓடினாலும் பைப்பில் வருவது கொஞ்சம்தான். மழை பெய்த ராத்திரியில் கதை வேறு. ஒன்றரை டன் எந்திரம் முழு மூச்சாக ஓடினால் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரைக்கும்கூடத் தண்ணீர் விடும். உள்ளே இருக்கும் ட்ரேயோ சின்னது, அது தொட்டி மாதிரித் தேக்கி வைப்பதற்குச் செய்ததே இல்லை, வந்த தண்ணீரை அப்போதைக்கப்போது தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. பாதி அடைத்த பைப் பங்குனியின் சொட்டுத் தண்ணீரைக் கடத்திவிடும், சித்திரை மழையின் தண்ணீரைக் கடத்தாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று திறந்துவிட்டது மாதிரி வருகிற வைகாசிக் கடைசியிலும் ஆனி ஆடியிலும் எனக்கு வருகிற போனில் பாதி இந்த ஒழுகல்தான். அடைப்பு மழையன்றைக்கு வந்ததில்லை, அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

இரண்டாவது, அந்த வாட்டர் சர்வீஸ். பம்பு வைத்துப் பீய்ச்சி அடிக்கும்போது காயிலிலும் புளோயரிலும் ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் கீழே ட்ரேக்குத்தான் இறங்கும், அங்கிருந்து ட்ரெயின் பைப்புக்கு. கடைசியில் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரை விட்டு அலசி அனுப்பாவிட்டால் அந்தச் சேறு முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிடும். இரண்டு மாதம் அதன்மேல் பஞ்சு படிந்து, வழவழப்பும் சேர்ந்துகொள்ளும். உங்கள் வீட்டில் இது நடந்திருக்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. நடந்திருக்க வாய்ப்பு நிறைய. சர்வீஸ் ஆட்கள் செய்கிற இன்னொரு தவறும் உண்டு. நிறைய இண்டோர்களில் ட்ரேக்கு இரண்டு பக்கமும் வாய் இருக்கும். ஒன்றில் ஹோஸ் மாட்டி, இன்னொன்றை ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். கழுவும்போது எடுத்த மூடியைத் திரும்பப் போட மறந்தால் அந்த மூலையில் சொட்டும். உங்களுக்கு இடது மூலை என்றதும் முதலில் அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் மூடி அன்றைக்கே விட்டுப்போயிருந்தால் மறுநாளே சொட்டியிருக்கும், இரண்டு மாதம் காத்திருக்காது. அதனால் அதற்குக் குறைந்த மார்க்தான். எப்படியும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, அந்தப் பக்கெட். ஹோஸின் நுனி பக்கெட் தண்ணீரில் முங்கிக் கிடக்கிறதா? அப்படியானால் ஒருவேளை அடைப்பே இல்லாமலும் இருக்கலாம். ட்ரேயிலிருந்து தண்ணீரைத் தள்ளுவதற்கு மோட்டார் எதுவும் இல்லை. விரற்கடை உயரத் தண்ணீரின் கனம் மட்டும்தான் அதைத் தள்ளுகிறது. நுனி தண்ணீரில் முங்கி, நடுவில் ஹோஸ் கொஞ்சம் தொங்கியும் இருந்தால் இடையில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு இறங்க ட்ரேத் தண்ணீருக்குத் தெம்பு பத்தாது. மழை ராத்திரியில் பக்கெட் சீக்கிரம் நிறைந்திருக்கும், நுனியும் முங்கியிருக்கும். முதல் வேலையாக நுனியைத் தூக்கிக் காற்றில் விட்டுவிட்டு ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். இதற்குக் காசும் இல்லை, ஸ்குரூ டிரைவரும் வேண்டாம்.

அதிலும் நிற்கவில்லை என்றால் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஏசிக்குக் கரண்ட் போகிற எம்.சி.பி. சுவிட்சையே கீழே தள்ளிவிடுங்கள். கட்டிலை நகர்த்தி, பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ விரித்துக்கொள்ளுங்கள். முன் மூடியைத் தூக்கி ஃபில்டரை எடுத்தால் காயிலின் மெல்லிய தகடுகள் தெரியும். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துத் தகடுகளின்மேல் பையப் பைய வழியவிடுங்கள். பெரும்பாலான எந்திரங்களில், எதிரே நின்று பார்க்கும்போது வலது கைப்பக்கம் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. அதே நேரத்தில் இன்னொருவர் வெளியே பைப் நுனியில் ஒரு போசியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். ஊற்றியது ஒன்றிரண்டு நிமிடத்தில் தாரையாக வந்துவிட்டால் பைப் சுத்தம், வேறு காரணம் தேட வேண்டும். நூல் மாதிரி வந்தால் பாதி அடைப்பு. எதுவுமே வராமல் உள்ளே சொட்ட ஆரம்பித்தால் முழு அடைப்பு. இந்த ஒரு பாட்டில் தண்ணீர் சொல்கிற சேதியை எந்த மீட்டரும் சொல்லாது.

அடைப்பை எடுப்பதை எப்போதும் வெளி நுனியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். நிறைய வீட்டில் அடைப்பு அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். கார்த்திகை, மார்கழி, தை என்று ஏசி ஓடாத மூன்று நாலு மாதத்தில், காய்ந்து கிடக்கும் அந்த அரை இஞ்ச் ஓட்டை மண்குளவிக்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. உள்ளே மண்ணை வைத்துப் பூசிவிட்டுப் போய்விடும். சிலந்தி வலை, பல்லி எல்லாம் எடுத்திருக்கிறேன். சீமாற்றுக் குச்சியால் இரண்டு இஞ்ச் ஆழத்துக்கு மெதுவாகக் குடைந்தாலே மண் உதிர்ந்துவிடும். இதற்குப் பயந்து கொசுவலைத் துணியை நுனியில் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்த வலையே பஞ்சைப் பிடித்துவைத்து இன்னொரு அடைப்பாகிவிடும். கட்டுவதானால் பெரிய கண் உள்ள கம்பி வலையாகப் பார்த்துக் கட்டுங்கள்.

உள்ளே ஆழத்தில் அடைப்பு என்றால் உறிஞ்சி எடுப்பதுதான் சரி. ஈரத்தையும் இழுக்கிற வேக்கூம் கிளீனர் யாரிடமாவது இருந்தால் வாங்கி, அதன் வாயை வெளி நுனியில் வைத்து, சுற்றிலும் ஈரத்துணியை இறுகக் கட்டி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். சோமனூரில் தறிக்கூடத்தை ஒட்டிய ஒரு வீட்டில் இப்படி ஓட்டியபோது இரண்டாவது நிமிடம் குழாய்க்குள் ‘களக்’ என்று ஒரு சத்தம். திறந்து கொட்டினால், நுங்கை மசித்துச் சாம்பல் நிறப் பஞ்சோடு பிசைந்த மாதிரி ஒரு விரல் நீளத்துக்கு ஜவ்வு. அந்த வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏனுங்ண்ணா, இதுக்குள்ளாற பூந்து வந்த காத்தையா இத்தன நாளா இழுத்துட்டுக் கெடந்தோம்?’ என்றார். காற்று அந்தப் பைப் வழியாக வருவதில்லை அம்மணி என்று சொன்னேன். ஆனாலும் அதே பஞ்சுதான் ஃபில்டரிலும் காயிலிலும் ஒட்டியிருக்கிறது என்பதை மறைக்க முடியவில்லை. பைப்பில் இருக்கும் வழவழப்பைப் பாசி என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் அது ஈரத்தில் வளர்கிற பூஞ்சையும் நுண்ணுயிரும் சேர்ந்த பிசின். நம் பனியன், தறி ஊர்களில் அதற்குள் பஞ்சுத் தூசி போய், சிமெண்டுக்குள் கம்பி வைத்த மாதிரி இறுக்கிவிடுகிறது. போர்த் தண்ணீர் உப்புதான் அடைக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். காற்றின் ஈரத்திலிருந்து வருகிற தண்ணீரில் போர் உப்பு ஏது?

வேக்கூம் இல்லை, காற்று அடிக்கலாமா என்றால் அடிக்கலாம், பயந்துகொண்டு. சைக்கிள் பம்பு போதும். திருப்பூர்ப் பக்கம் எந்தப் பட்டறையிலும் கம்ப்ரஸர் இருக்கிறது, ஏர் கன்னை எடுத்துவந்து பைப்பில் வைத்து முழு வேகத்தில் அடித்துவிடுகிறார்கள். சுவருக்குள் ஹோஸும் பி.வி.சி.யும் சேருகிற இடத்தில் பல வீடுகளில் வெறும் டேப்தான் சுற்றியிருக்கும். அது கழன்றுகொண்டால் அப்புறம் ஒழுகல் இண்டோரில் தெரியாது, பெயிண்ட் உப்பி வரும்போதுதான் தெரியும். வெளியிலிருந்து அடித்தால் சேறு முழுக்க உள்ளே ட்ரேக்கு எகிறி, சுவரெல்லாம் கோலம் போட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் சொந்த வீட்டிலேயே ஒருமுறை அப்படிச் செய்து, நோம்பிக்கு அடித்த புதுச் சுண்ணாம்பு போச்சு. வாயால் உறிஞ்சுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ட்யூபை உறிஞ்சிப் பழகியவர்கள் இதையும் அப்படியே செய்கிறார்கள். அந்த ஜவ்வைப் பார்த்தவர் யாரும் இரண்டாவது முறை செய்யமாட்டார்.

கம்பி விடுவதிலும் எச்சரிக்கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோபியில் ஒரு வீட்டில் கட்டுக்கம்பியை விட்டுக் குத்தினேன். அடைப்பு போயிற்று, கூடவே சுவருக்குள் இருந்த நெளிவு ஹோஸும் கிழிந்துபோயிற்று. காடி வெட்டி மூடிய சுவரை மறுபடி உடைத்து, கொத்தனார் கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன். அதிலிருந்து நுனி மழுங்கின, வளைகிற பிளாஸ்டிக் இழையைத் தவிர வேறெதையும் உள்ளே விடுவதில்லை.

ஆசிட் கேட்டீர்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஏசிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். காயில் தகடு அலுமினியம், குழாய் செம்பு. ஆசிட்டும் அதன் ஆவியும் இரண்டையும் அரிக்கும். நூறு ரூபாய் அடைப்புக்காக முழுக் காயிலையும் மாற்ற வேண்டிவரும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டையும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், கதவடைத்த படுக்கையறையில் அது உயிருக்கே ஆபத்து. கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், பி.வி.சி. இளகித் தொய்ந்துவிடும். அடைப்பு எடுத்த பிறகு, வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு டம்ளர் ட்ரேயில் விட்டு, அரை மணி நேரம் கழித்து இரண்டு பாட்டில் நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் வழவழப்பு குறையும். இது பராமரிப்புக்குத்தான். கட்டியாகிவிட்ட பஞ்சு அடைப்பை வினிகர் கரைக்காது.

இவ்வளவும் செய்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வீட்டில் அதே அடைப்பு வருகிறது என்றால், அழுக்கைத் திட்டுவதை விட்டுவிட்டு வாட்டத்தை, அதாவது பைப்பின் சரிவைப் பார்க்க வேண்டும். அவினாசியில் ஒரு வீட்டுக்கு ஒரே கோடையில் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சுத்தம் செய்தேன், மூன்று தடவையும் காசு வாங்கக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது தடவை பீரோவை நகர்த்திப் பார்த்தால், பின்னால் ஹோஸ் தொட்டில் கட்டினது மாதிரி ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிலில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நிற்கிற தண்ணீரில் பிசின் வளரும். இரண்டு கிளாம்ப் அடித்து நேராக்கிய பிறகு அந்த வீட்டிலிருந்து ட்ரெயினுக்காக எனக்குப் போன் வரவில்லை. வாட்டத்துக்குக் கணக்கு சுலபம்: மீட்டருக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நான் இரண்டு வைப்பேன். எந்த இடத்திலும் மேலே ஏறி இறங்கக்கூடாது. இண்டோரும் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ட்ரெயின் இருக்கும் பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்திருக்கக்கூடாது. உங்களுடையதில் ஹோஸ் வலதுபக்கமாகப் போய், எந்திரம் இடதுபக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தால், இடது மூலையில் ஒழுகுவதற்கு அதுவே போதும். சுவருக்குள் புதைத்த பைப் என்றால் வாட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கே தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று வைத்து ஊகிக்கத்தான் முடியும். சில வீடுகளில் இந்தப் பைப்பை நேராகப் பாத்ரூம் சாக்கடை லைனில் சேர்த்துவிடுகிறார்கள். கரப்பானும் நாற்றமும் அந்த வழியாகவே படுக்கையறைக்கு ஏறிவரும். தனியாக வெளியே விடுவதே நல்லது.

நான் சொன்னதெல்லாம் சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட்டுக்கு. கூரையில் பதிக்கிற கேசட் வகையில் தண்ணீரைத் தூக்கிவிடத் தனி பம்பு இருக்கும், அதைத் தெரியாதவர்கள் திறக்க வேண்டாம். ஸ்பிளிட்டிலும் ட்ரேயில் விரிசல், செம்புக் குழாயின் கறுப்பு உறை கிழிந்து அதன்மேல் வியர்ப்பது போன்றவை போட்டோவில் தெரியாது, நேரில்தான் பார்க்க வேண்டும். வாரண்டி மிச்சம் இருந்தால், மூடி ஃபில்டர் தவிர வேறெதையும் கழற்றுவதற்கு முன் அட்டையைப் படித்துவிடுங்கள். எல்லாம் பார்த்து, கேஸ்தான் என்று ஆகிவிட்டாலும், வருகிறவரிடம் ‘பிரஷர் எவ்வளவு காட்டுது, எங்க லீக்கு’ என்று இரண்டும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். புது எந்திரங்களில் நிறைய ஆர்32 கேஸ் வருகிறது. அது தீப்பிடிக்கக்கூடியது, படித்த கைதான் தொட வேண்டும்.

உங்கள் ஊருக்குத் தக்கபடி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடினாலோ கோழிப்பண்ணை இருந்தாலோ வாரம் ஒருமுறை. மாசியில் ஏசியை முதலில் போடுவதற்கு முன்னால் ஒன்று, ஆனிக் காற்று கிளம்பும்போது ஒன்று என வருடத்துக்கு இரண்டு தடவை அந்தப் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பேட்டரித் தண்ணீர். ஏசித் தண்ணீரில் உப்பு குறைவு என்பது உண்மைதான், அதனால்தான் அந்தப் பழக்கம் வந்தது. ஆனால் அது காயிலையும் ட்ரேயையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். தூசி, உலோகத் துகள், மேலே சொன்ன அந்தப் பிசின் எல்லாம் அதில் இருக்கும். பேட்டரிக்குக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரையே ஊற்றுங்கள், குடிக்கவும் சமைக்கவும் இதைத் தொடாதீர்கள். வீடு துடைக்கலாம், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். பக்கெட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஹோஸ் நுனியை அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே ஆணியடித்துக் கட்டிவிடுங்கள், ராத்திரியில் நிறைந்து வழிந்தால் பொடக்காளிதானே நனையும்.